விளக்கின் நிறம் அல்ல

ஆடி மாதம் முழுக்க தனுஷ்கோடிக்கு ஒரே வேலைதான் இருந்தது. பழைய மென்பொருளுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிவகாசியில் ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் போட்டோகிராபருக்குக் கேமராவைத் துடைத்துவைப்பதைத் தவிர வேலையும் கிடையாது. பத்தொன்பது வருடமாக அவர் பழகியிருந்த ‘வானவில்’ ஆடிக் கடைசியோடு நின்றுபோகிறது என்று அந்தக் கம்பெனியிலிருந்து மூன்று முறை தகவல் வந்துவிட்டது. ஆவணி பத்தாம் தேதி அவர் படம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்த மாரிக்கனி என்ற பெண்ணின் கல்யாணம். அதற்குள் வேறொன்றை வாங்கிக் கை பழக்கியாக வேண்டும்.

கேமரா தான் கண்ட வெளிச்சத்தை அப்படியே அள்ளிவைத்துக்கொள்ளும் கோப்புக்கு ரா ஃபைல் என்று பெயர். அது இன்னும் படம் ஆகவில்லை. எது வெள்ளை, எது மஞ்சள், நிழல் எவ்வளவு கறுப்பு என்று ஒரு மென்பொருள் முடிவு செய்த பிறகுதான் அதில் முகம் என்று ஒன்று வரும். ஒரே ஃபைலை மூன்று மென்பொருளில் போட்டால் மூன்று கல்யாணப்பெண்கள் வருவார்கள் என்று தனுஷ்கோடி சொல்வதுண்டு. தொழிலில் பாதி அந்தத் தேர்வில்தான் இருந்தது.

முதலில் ‘ஸ்பார்க்’ என்று ஒன்றை இறக்கிப் பார்த்தார். வேகமென்றால் அப்படியொரு வேகம். ஆனால் போட்ட முகத்தையெல்லாம் கோதுமை நிறத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. “யாரு இவ?” என்று தன் மனைவி ராஜகனியின் படத்தைப் பார்த்துத் தானே கேட்டுக்கொண்டு, அன்றைக்கே அதை அழித்தார். அடுத்தது ‘பிரிசம்’. சொன்னதைக் கேட்டது, சொல்லாததைச் செய்யவில்லை. அதையே வாங்கிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து மெஹராஜ் என்ற பெண் ‘மெய்’ என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். சுறுசுறுப்பாகப் பேசினாள்.

“உங்ககிட்ட இருக்கறதுலயே கஷ்டமான ஃபைல் ஒண்ணு குடுங்க சார். அதுல பாஸ் ஆனா வாங்குங்க. இல்லைன்னா டீ மட்டும் குடுத்து அனுப்பிருங்க.”

தனுஷ்கோடியிடம் அப்படியொரு ஃபைல் இருந்தது. எந்த மென்பொருளையும் அவர் அதை வைத்துத்தான் உரசிப் பார்ப்பார்.

இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்னாலும் விளக்குகளைச் சரிபார்க்க அவர் ராஜகனியைத்தான் நாற்காலியில் உட்காரவைப்பார். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். “இடதுபக்கம் திரும்பு. போதும். போ.” இரண்டு நிமிட வேலை. அவளை மண்டபத்தில் எடுத்த படங்கள் குறைவு. அந்த நாற்காலியில் எடுத்த படங்கள் ஆயிரத்துக்கு மேல். அவள் போன பிறகு நாற்காலியில் ஒரு தலையணையை நிறுத்திவைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

கஷ்டமான ஃபைல் அவள் கடைசியாக உட்கார்ந்த பங்குனியில் எடுத்தது. மாசியிலிருந்தே விளக்கு வெளிச்சத்தில் ஒரு மஞ்சள் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. பல்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றினார். அப்படியும் போகவில்லை. கடைசியில் ‘வானவில்’லில் மஞ்சளை இழுத்து, கண்ணைத் தனியாகப் பிரித்து வெளுத்து, அரைமணி நேரம் மல்லுக்கட்டித்தான் அவளை அவளாகக் கொண்டுவந்தார்.

“இந்த மஞ்சளை எவன் சுத்தமா எடுக்கானோ, அவந்தான் ஜெயிச்சான்” என்றபடி ஃபைலைத் திறந்து கொடுத்தார்.

மெஹராஜ் அதை உள்ளே போட்டாள். முகம் மெல்ல எழும்பி வந்தது. மஞ்சள் அப்படியே இருந்தது.

“எடுக்கலையேம்மா” என்றார் தனுஷ்கோடி.

“எடுக்காது சார். பக்கத்துல ஏன்னு போட்டிருக்கும் பாருங்க.”

திரையின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் திறந்திருந்தது. அதில் தமிழில் நான்கு வரி. ‘முகம், வெண்விழி: மஞ்சள். இது விளக்கின் நிறம் அல்ல. பித்தநீர்ப் பாதையில் அடைப்பு இருக்கலாம். இவரை உடனே மருத்துவரிடம் காட்டவும்.’

“இதுதான் சார் எங்களோட ஸ்பெஷல்” என்றாள் மெஹராஜ். குரலில் விற்கிறவளின் மகிழ்ச்சி இருந்தது. “விளக்கோட நிறத்தையும் தோலோட நிறத்தையும் பிரிச்சுப் பாக்கறதுக்காக ஆரம்பிச்சாங்க. அதுக்கு ரத்தம், பித்தம் எல்லாம் தோலுக்கடியில எப்படித் தெரியும்னு சொல்லிக்குடுக்க வேண்டியிருந்துச்சு. சொல்லிக்குடுத்தா, அது நோயையே சொல்ல ஆரம்பிச்சிருச்சு. நாம ஆல்பத்துல போடறது ரா ஃபைல்ல இருக்கறதுல நூத்துக்கு எட்டுகூட இல்ல சார். மிச்சத்தைத் தூக்கிப்போட்டுர்றோம். அந்த மிச்சத்துல எவ்வளவு கிடக்கு தெரியுமா? இவங்க யாரு சார்? தெரிஞ்சவங்களா? இன்னைக்கே ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க.”

“என் வீட்டுக்காரி.”

“அய்யோ. அப்ப உடனே…”

“நாலு வருசம் ஆச்சும்மா.”

மெஹராஜின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. வெளியே ஒரு லோடு ஆட்டோ பேப்பர் கட்டுகளோடு திணறிப் போகும் சத்தம் கேட்டது.

“மன்னிச்சிருங்க சார். எனக்குத் தெரியாது.”

“தெரியாதுல்ல. அதுல என்ன.” அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “ஒண்ணு மட்டும் சொல்லும்மா. பல்பு மஞ்சளா, ஆளு மஞ்சளான்னு அது எப்படிக் கண்டுபிடிக்கு?”

அவள் தயங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “பல்பு வெளிச்சம் எல்லாத்து மேலயும் விழும் சார். சேலை மேல, பல்லு மேல, பின்னாடி இருக்கற சுவத்து மேல. எல்லாத்துலயும் ஒரே மாதிரி மஞ்சள் இருந்தா அது பல்பு. கண்ணுலயும் தோலுலயும் மட்டும் இருந்தா அது பல்பு இல்ல.”

தனுஷ்கோடி படத்தைப் பார்த்தார். ராஜகனிக்குப் பின்னால் சுவர் வெள்ளையாக இருந்தது.

பொங்கலுக்கு அவரே அடித்த சுண்ணாம்பு. எந்த மென்பொருளும் இல்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லியிருக்கும் வெள்ளை. இருபத்திரண்டு வருடமாக வெளிச்சத்தைப் பார்த்தே சோறு தின்றவர், அந்தச் சுவரைப் பார்க்கவில்லை.

மெஹராஜ் இரண்டு வாரத்துக்கு டிரையல் போட்டுக் கொடுத்துவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமலேயே போனாள்.

அவள் போனதும் அவர் கதவைச் சாத்தினார். ராஜகனி கேட்டது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

“ஏங்க, கண்ணு என்ன இம்புட்டு மஞ்சளா இருக்கு?”

“பல்பு சரியில்ல. இரு.”

“கண்ணாடியில பாத்தாலும் அப்படித்தான் லேசாத் தெரியுது.”

“குளியலறையிலயும் குண்டு பல்புதானே கிடக்கு. இரு, இப்பப் பாரு.”

அவர் மஞ்சளைக் குறைத்தார். கண்ணை வெளுத்தார். திரையில் ராஜகனி பளிச்சென்று ஆனாள். அவள் கொஞ்ச நேரம் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஆமா, பல்புதான் போல” என்று சொல்லிவிட்டுக் குழம்பை இறக்கப் போனாள்.

அவள் அவரை நம்பினாள். கண்ணாடியைவிட அவர் எடுத்துக் கொடுத்த படத்தை நம்பினாள். அந்த நாட்களில் கையைச் சொறிந்துகொண்டே இருந்ததும் இப்போது ஞாபகம் வந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்று சோப்பு மாற்றினாள். வீட்டில் ஒரே சமயத்தில் அவர் பல்பை மாற்றிக்கொண்டிருந்தார், அவள் சோப்பை மாற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர், “பித்த நாளத்துல கட்டி. இந்த இடத்துல வர்றதுல ஒரு நல்லது, மஞ்சள் சீக்கிரமே காட்டிக்குடுத்துரும். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஏன் வரல?” என்று கேட்டார். “அப்பல்லாம் மஞ்சளே இல்லையே சார்” என்று தனுஷ்கோடி சொன்னார். பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ராஜகனி திரையில் இருந்தவள். அவளுக்கு மஞ்சள் இல்லை.

அன்று பிற்பகல் முழுவதும் அந்தக் கடைசி மாதங்களின் ஃபைல்களை ஒவ்வொன்றாக ‘மெய்’யில் போட்டார். தை மாதம் ஒன்றுமில்லை. மாசி முதல் வெள்ளியில் கட்டம் திறந்தது. அதிலிருந்து ஒன்பது வாரம். ஒன்பது வாரமும் அதே நான்கு வரி, கடைசி வரியில் அதே ‘உடனே’. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘வானவில்’லில் அவர் செய்த திருத்தங்களும் இருந்தன. மஞ்சள் எட்டு குறைத்தது, பதினொன்று குறைத்தது, பதினெட்டு குறைத்தது. நோய் ஏற ஏற அவர் கை அதைவிடத் துல்லியமாக இறக்கியிருந்தது. வேலை மிச்சம் என்று ஐந்தாவது வாரத்தில் அந்தத் திருத்தத்தை ஒரே பொத்தானாகவே ஆக்கி, அதற்கு ‘ராஜி’ என்று பெயரும் வைத்திருந்தார்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் ரூபியைப் போனில் கூப்பிட்டார்.

“என்னப்பா, இந்நேரத்துல?”

“சும்மாதான். சாப்ட்டியா?”

“நாலு மணிக்கு என்னப்பா சாப்பாடு? உடம்பு சரியில்லையா? குரல் என்னமோ மாதிரி இருக்கு.”

“ஜலதோசம்” என்றார். “நீ ஏதாவது உடம்புக்கு முடியலைன்னா உடனே டாக்டர்கிட்டப் போயிரணும். என்னையக் கேட்டுக்கிட்டு இருக்காத.”

“உங்கள ஏன்ப்பா கேக்கப்போறேன்?” என்று ரூபி சிரித்தாள். அவரும் சிரிப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பிவிட்டு வைத்தார். அவளிடம் சொல்ல வேண்டியது அதுவல்ல. சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பிறகும் வரவில்லை.

நான்கு நாள் ஸ்டூடியோவைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் பேச்சியம்மாளிடமிருந்து போன் வந்தது. ஆவணி பத்தில் மாரிக்கனியைக் கட்டப்போகும் சந்தனராஜின் தாயார்.

“தம்பி, கோயம்புத்தூர்ல இருக்க என் மக ஒண்ணு சொன்னா. அங்கல்லாம் இப்ப ஜாதகத்தோட சேத்துப் பொண்ணு போட்டோவோட ரா ஃபைலும் கேட்டு வாங்குதாகளாம். ஏதோ ‘மெய்’யாம்ல. அதுல போட்டா ஒடம்புல என்ன இருக்கு, ஏது இருக்குன்னு புட்டுப்புட்டு வைக்குமாம். நீங்க அது வச்சிருக்கீகளா?”

“சும்மா பாத்துக்கிட்டு இருக்கேம்மா. இன்னும் வாங்கல.”

“வாங்குனீகன்னா நம்ம பிள்ளைகள வெம்பக்கோட்டை அணையில வச்சு எடுத்தீகளே, அந்தப் படத்த அதுல போட்டு, அது என்ன சொல்லுதுன்னு ஒரு பிரிண்ட் எடுத்து எனக்கு அனுப்புங்க. சந்தேகம்லாம் இல்ல. ஒரு திருப்திக்குத்தான்.”

தனுஷ்கோடி போனை வைத்தார். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் ஒன்பது வாரம் பார்க்காமல் இருந்தவருக்கு, பார்க்காமல் இருப்பதும் இப்போது முடியாததாகிவிட்டது. அணையில் எடுத்த படங்களில் ஒன்றைப் போட்டார். மாரிக்கனி வாய்விட்டுச் சிரிக்கும் படம்.

கட்டம் திறந்தது. ‘ஈறு, உதட்டின் உட்புறம்: நீலம். இது விளக்கின் நிறம் அல்ல. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. நீண்ட நாள் இதயக் கோளாறாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டவும்.’

இன்னும் ஐந்து படம் போட்டார். ஐந்திலும் அதே.

மறுநாள் காலை மாரிக்கனி ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்தாள். இருபத்தைந்து வயது. காலண்டர் அச்சகம் ஒன்றில் டிசைனர். உதட்டில் எப்போதும் அடர்த்தியாகச் சாயம் பூசியிருப்பாள், நகத்திலும் கருஞ்சிவப்புப் பூச்சு. வாசல்படி மூன்றையும் ஏறி வந்து, பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்கு முன் மூன்று முறை வந்தபோதும் இப்படித்தான் நின்றாள். அதை அவர் இன்றைக்குத்தான் பார்த்தார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “நீ ஒரு தடவ டாக்டர்கிட்ட நெஞ்சைக் காட்டணும்மா” என்று சொன்னார். “நான் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்காத. தள்ளிப்போடாத. இன்னைக்கே போ.”

மாரிக்கனி அவரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். கட்டம் மூடியிருந்தது, ஆனால் ‘மெய்’ என்ற பெயர் மூலையில் இருந்தது. அச்சகத்தில் வேலை பார்ப்பவள். அவளுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது.

“தெரியும் அண்ணாச்சி” என்றாள்.

“என்ன தெரியும்?”

“பிறக்கும்போதே நெஞ்சுல ஓட்டை. சின்னதுலயே அடைச்சிருக்கணுமாம். எங்க வீட்டுல எனக்குப் பன்னெண்டு வயசானப்பதான் கண்டுபிடிச்சாங்க. அதுக்குள்ள நுரையீரலுக்குப் போற குழாய் இறுகிருச்சு. இனிமே அடைச்சா அதுவே உயிருக்கு வம்பாம். மாத்திரை போடுதேன். இப்படியே எத்தன வருசம் ஓடும்னு டாக்டரும் சொல்லல, நானும் கேக்கல.” எங்கோ பலமுறை சொல்லிப் பழகியதுபோல நிதானமாகச் சொன்னாள். “பிள்ளை மட்டும் பெத்துக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பெத்தா நான் இருக்க மாட்டேனாம்.”

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“தாலி ஏறட்டும், அப்புறமாச் சொல்லிக்கிடலாம்னு அம்மா சொல்லுது” என்றாள். “அண்ணாச்சி, வேற சாப்ட்வேர்ல போட்டா இது தெரியாதுல்ல? அத்தை உங்ககிட்டக் கேட்டாகளாமே. நீங்க வேற ஒண்ணை வாங்கிட்டேன்னு சொல்லிருங்க. அவ்வளவுதான். உதட்டைக் கொஞ்சம் சிவப்பாக்கிருங்க.”

தனுஷ்கோடி மவுஸை எட்டத் தள்ளிவைத்தார்.

“என்னால முடியாதும்மா. ஒருத்திக்கு அப்படி நிறம் மாத்திக் குடுத்தேன். அவ செத்துப்போனா.”

“உங்க வீட்டுக்காரம்மாவா?”

அவர் தலையசைத்தார். எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியாமலேயே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டார். பல்பு மாற்றியது, ராஜகனி தோளுக்குப் பின்னால் நின்று கேட்டது, ‘ராஜி’ என்று பெயர் வைத்த பொத்தான், வெள்ளைச் சுவர். மகளிடம் சொல்ல முடியாததை, கல்யாணப் படம் தேர்ந்தெடுக்க வந்த ஊரான் வீட்டுப் பெண்ணிடம் சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“அவங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரியாமப் போனாங்க. எனக்குத் தெரியும்” என்றாள் கடைசியில். “ரெண்டும் ஒண்ணில்ல.”

“உனக்குத் தெரியும். உன்னையக் கட்டிக்கிடப்போறவனுக்குத் தெரியாதுல்லம்மா? நாளைக்கு அவன் பிள்ளை வேணும்பான். நீ என்ன சொல்லுவ? மாட்டேன்னு சொல்ல முடியாம உண்டாகிட்டேன்னா?”

மாரிக்கனியின் முகம் முதல்முறையாகக் கலங்கியது. “சொன்னா விட்டுட்டுப் போயிருவாரு அண்ணாச்சி. ஏற்கெனவே ஒரு இடம் அப்படிப் போச்சு. நான் என்ன நூறு வருசமா கேக்கேன்? இருக்கறவரைக்கும் ஒரு வீட்டுல, ஒருத்தர்கூட இருந்துட்டுப் போறேன்னுதானே கேக்கேன்.”

தனுஷ்கோடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அணையில் எடுத்த ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டார். தன் கம்ப்யூட்டரில் இருந்ததை அவள் கண்முன்னாலேயே அழித்தார். “இது உன் உடம்பு. யாருக்குக் காட்டணும், காட்டக் கூடாதுங்கறது உன் இஷ்டம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நிறம் மாத்தித் தர மாட்டேன்” என்று அவள் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கல்யாணம் நின்றுபோகும் என்றுதான் அவர் நினைத்தார். அதுவும் தன் கையால்தான் என்று நினைத்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் போன் அடிக்கும்போதெல்லாம் மாரிக்கனியின் அப்பாவாக இருக்குமோ என்று பயந்து பயந்து எடுத்தார்.

ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது, காலை பதினொரு மணிக்கு, ஒரு பைக் வந்து நின்றது. சந்தனராஜ். பின்னால் மாரிக்கனி. அவள் இறங்கி வெளியே வேப்பமர நிழலிலேயே நின்றுகொண்டாள். அவன் மட்டும் உள்ளே வந்தான். லாரி புக்கிங் ஆபீசில் வேலை செய்பவன், அதிகம் பேசாதவன். பென் டிரைவை மேசைமேல் வைத்தான்.

“சொல்லிட்டா அண்ணாச்சி.”

“உட்காருங்க தம்பி.”

அவன் உட்காரவில்லை. “முந்தாநாள் சொன்னா. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. நேத்து சாயந்தரம் அவகூடப் போயி அந்த டாக்டரைப் பாத்தேன். அவரும் அதையேதான் சொன்னாரு.” நிறுத்தினான். “எனக்குப் பிள்ளை வேண்டாம் அண்ணாச்சி. ஆனா எங்க அம்மாவுக்கு இது தெரிஞ்சா நடக்க விடாது. பின்னால மெதுவா நான் சொல்லிக்கிடுதேன். அது என் பாடு. இப்ப நீங்க ஒரு உதவி செய்யணும். வேற சாப்ட்வேர்ல போட்டு, பாத்தா எதுவும் தெரியாத மாதிரி எடுத்துக் குடுங்க.”

தனுஷ்கோடி அவனையே பார்த்தார். சொல்லியதும் ஓடிவிடுவான் என்று அவளும் நினைத்தாள், இவரும் நினைத்தார். அவன் போயிருந்தது டாக்டரிடம்.

“தம்பி, இது நல்லா யோசிச்சுத்தானா?”

“யோசிச்சாச்சு.”

அவர் பென் டிரைவை எடுத்துச் செருகினார். ‘பிரிசம்’மைத் திறந்தார். மாரிக்கனி சிரிக்கும் படம் வந்தது. உதட்டுச் சாயத்துக்கு உள்ளே, பல்லின் வேர்களில், நாவற்பழம் தின்றதுபோல ஒரு மங்கல் நீலம். தெரிந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

“இங்க வாங்க. நான் மாத்தறதுக்கு முன்னால ஒரு தடவ இதப் பாத்துக்கிடுங்க” என்றார். “இதுதான் அவ. நான் தரப்போறது உங்க அம்மாவுக்கு. அத நீங்க நம்பிராதீக.”

சந்தனராஜ் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் மூச்சு தனுஷ்கோடியின் காதருகே கேட்டது.

“இது இதுக்கு மேல கூடுனா ஆபத்தா அண்ணாச்சி?”

“எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. டாக்டரக் கேளுங்க. ஆனா கூடுதா குறையுதான்னு பாக்கறதுக்கு ஆள் வேணும். வெயில்ல நிறுத்திவச்சு, நேரா முகத்தைப் பாக்கணும். போட்டோவுல பாக்கக் கூடாது.”

பிறகு வேலையைத் தொடங்கினார். ஈறைத் தனியாகப் பிரித்தார். நீலத்தை இறக்கினார், சிவப்பை ஏற்றினார். நான்கு வருடமாகியும் கை மறக்கவில்லை. ஒவ்வொரு அசைவும் ஒன்பது வாரம் பழகிய அசைவு. கண் நிறைந்து திரை கலங்கியபோது நிறுத்தி, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். சந்தனராஜ் எதுவும் கேட்கவில்லை. ராஜகனியைப் பற்றியும் மாரிக்கனி அவனிடம் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது.

அரைமணி நேரத்தில் எந்தக் குறையும் இல்லாத ஒரு பெண் அணைக்கரையில் நின்று சிரித்தாள்.

போன் அடித்தது. பேச்சியம்மாள். தனுஷ்கோடி எடுத்தார்.

“என்ன தம்பி, அந்த சாப்ட்வேர் என்னாச்சு? வாங்கிட்டீகளா?”

சந்தனராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“வாங்கிட்டேம்மா. ஆனா நீங்க சொன்னது இல்ல. இது வேற.”

“இதுல ஒடம்பப் பத்திலாம் வராதா?”

“வராதும்மா. இதுல கலருதான் வரும். வேற ஒண்ணும் வராது.”

“ம்ம்” என்றாள் பேச்சியம்மாள் குறையோடு. “பொண்ணு படத்துல எப்படி இருக்கா?”

தனுஷ்கோடி வாசலைப் பார்த்தார். “நல்லா இருக்காம்மா” என்றார்.

சந்தனராஜ் அவர் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. அவன் மாரிக்கனியிடம் போய் ஏதோ சொன்னான். பிறகு அவள் தோளைத் தொட்டு மரநிழலிலிருந்து வெயிலுக்குக் கூட்டிவந்தான். அவள் கண்ணைச் சுருக்கி, “என்ன?” என்பதுபோலத் தலையசைத்தாள். அவன் பதில் சொல்லாமல் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பப் பார்த்தாள். அவன் விடவில்லை. தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தனுஷ்கோடி மானிட்டரை அணைத்தார். பைக் கிளம்பி, அச்சாபீஸ் முனை திரும்பி மறையும்வரை நின்று பார்த்தார். அதற்குப் பிறகும் வெயில் விழுந்துகிடந்த அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரம்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ராஜகனியைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போய் நிறுத்தியிருந்தால், அவளும் இப்படித்தான் வெட்கப்பட்டிருப்பாள்.